குதிரை பக்கத்தில் சும்மா நிற்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நியூஜெர்சியில் என் வீட்டிலிருந்து அரை மணி நேரம் காரோட்டினால் ஒரு குதிரை லாயம் வரும். சனிக்கிழமை காலைகளில் அங்கே போய்ச் சாணம் அள்ளுகிறேன், தண்ணீர்த் தொட்டி கழுவுகிறேன். மனநல ஆலோசகர் ஒருவர் நடத்தும் குழு அமர்வுகளில் குதிரைகளுக்குப் பக்கத்தில் ஓர் ஆளாக நிற்பதும் என் வேலை. சம்பளம் கிடையாது. நான் மருத்துவரும் இல்லை, குதிரைப் பயிற்சியாளரும் இல்லை. “குதிரையோடு கொஞ்ச நேரம் அமைதியாக இருந்தால் மனக்காயம் ஆறுமாமே, உண்மையா?” என்று தெரிந்தவர்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். வாட்ஸ்அப்பில் துண்டு துண்டாக எழுதிய பதில்களை ஒரே இடத்தில் போட்டிருக்கிறேன்.

குதிரைமேல் ஏறிச் சவாரி செய்வதா இது?

இல்லை. யாரும் ஏறுவதில்லை. சேணம் வெளியே வருவதே இல்லை. நாலைந்து பேர் ஒரு குழு, இரண்டு குதிரைகள், வேலி போட்ட ஒரு மணல் தரை. பார்ப்பது, பக்கத்தில் போவது, பிரஷ்ஷால் தேய்த்துவிடுவது, கயிற்றைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு நடப்பது, பிறகு உட்கார்ந்து பேசுவது. அவ்வளவுதான். எல்லாம் தரையில் நின்றபடியே.

சும்மா நிற்பதற்கா காசு கொடுக்கிறார்கள்?

இது மதுரையிலிருந்து வந்திருந்த என் அத்தை கேட்ட கேள்வி. “வீட்டுல சும்மா இருந்தா சோம்பேறிங்கிறீங்க, அங்க போய் சும்மா நின்னா வைத்தியங்கிறீங்க” என்றார். பதில் சொல்லாமல் ஒருநாள் லாயத்துக்கே கூட்டிப்போனேன். ஒரு குதிரையின் தோளருகே கையைத் தொங்கவிட்டுக்கொண்டு, போனைத் தொடாமல், எதுவும் செய்யாமல் பத்து நிமிடம் நில்லுங்கள் என்றேன். மூன்றாவது நிமிடத்திலேயே “மணி என்ன ஆச்சு?” என்று திரும்பினார். சும்மா இருப்பது எத்தனை கஷ்டம் என்று அதற்குமேல் நான் விளக்க வேண்டியிருக்கவில்லை.

ஏன் குதிரை? நாய் போதாதா?

நாய் நல்ல துணைதான், மறுப்பதற்கில்லை. ஆனால் நாய் வேட்டையாடும் இனம். நம்மோடு பல ஆயிரம் ஆண்டு வாழ்ந்து பழகிவிட்டதால் நாம் எப்படி இருந்தாலும் வாலாட்டிக்கொண்டு வரும். கோபமாகப் போனாலும் வரும், பொய்யாகச் சிரித்துக்கொண்டு போனாலும் வரும். அந்த மன்னிப்பு சுகமானது. ஆனால் நாம் எப்படி இருக்கிறோம் என்பதை அது நமக்குச் சொல்லாது.

குதிரை வேட்டையாடப்பட்ட இனம். 500 கிலோ எடை இருந்தாலும் அதன் முதல் யோசனை ஓடுவதுதான். தலையின் இரு பக்கமும் பெரிய கண்கள். கிட்டத்தட்ட 350 பாகை சுற்றளவைத் தலையைத் திருப்பாமலே பார்க்கும். நெற்றிக்கு நேர் முன்னால் கொஞ்சமும் வாலுக்கு நேர் பின்னால் கொஞ்சமும்தான் அதற்குத் தெரியாத இடங்கள். காதுகள் இரண்டும் தனித்தனியாகத் திரும்பும். முதுகில் ஒரு ஈ உட்கார்ந்தால் அந்த இடத்துத் தோலை மட்டும் சிலிர்த்து விரட்டும். இப்படிப்பட்ட ஓர் உயிரின் பக்கத்தில் பல்லைக் கடித்துக்கொண்டு, தோளை இறுக்கிக்கொண்டு, “நான் நல்லாத்தான் இருக்கேன்” என்று சொல்லிக்கொண்டு போனால் அது நம் வாய்ச்சொல்லைக் கேட்காது. நம் நடையைப் பார்க்கும், ஓரடி விலகி நிற்கும். சொல்லுக்கும் உடம்புக்கும் நடுவே இருக்கிற இடைவெளி அப்படித்தான் நமக்கே தெரியவருகிறது. இன்னொன்று, குதிரை மந்தை விலங்கு. மந்தையில் ஒன்று தலை தூக்கினால் மற்றவையும் தூக்கும். கனவு வரும் ஆழ்ந்த தூக்கத்துக்கு அது தரையில் படுத்தாக வேண்டும். பாதுகாப்பு என்று தோன்றாவிட்டால் படுக்காது. லாயத்தில் ஒன்று படுத்திருக்கும்போது பக்கத்தில் இன்னொன்று நின்றுகொண்டிருப்பதைப் பல நாள் பார்த்திருக்கிறேன். போரிலிருந்து திரும்பிய ஒருவர் அதைப் பார்த்துவிட்டு, “எங்களுக்கும் இப்படித்தான், காவலுக்கு ஆள் இருந்தால்தான் தூக்கம்” என்றார்.

அப்படியென்றால் குதிரை நம் மனதைப் படிக்குமா?

படிக்காது. இதில் நான் கொஞ்சம் கறாரான ஆள்.

நூறு ஆண்டுகளுக்கு முன் பெர்லினில் ஹான்ஸ் என்று ஒரு குதிரை இருந்தது. கணக்குப் போடும் குதிரை என்று பேர். அதன் சொந்தக்காரர் வில்ஹெல்ம் ஃபான் ஓஸ்டன் ஓய்வுபெற்ற ஆசிரியர். கூட்டல் கேட்டால் விடையைக் குளம்பால் தட்டிக் காட்டும். ஏமாற்று வேலை ஏதுமில்லை. அவர் நிஜமாகவே அதை நம்பினார். 1907-இல் ஆஸ்கர் ஃபுங்ஸ்ட் என்ற உளவியலாளர் ஆராய்ந்து பார்த்தார். கேள்வி கேட்பவருக்கே விடை தெரியாதபோது குதிரைக்கும் தெரியவில்லை. கேட்பவரைக் குதிரையால் பார்க்க முடியாதபோதும் தெரியவில்லை. தட்டல் சரியான எண்ணை நெருங்க நெருங்கக் கேட்பவரின் உடம்பில் ஓர் இறுக்கம், எண் வந்ததும் தலையில் ஒரு சின்ன அசைவு. ஹான்ஸ் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. சூட்சுமம் தெரிந்த பிறகும் ஃபுங்ஸ்டால் தன் உடம்பின் அந்த அசைவை முழுவதுமாக அடக்க முடியவில்லை என்பதுதான் இந்தக் கதையில் எனக்குப் பிடித்த இடம்.

ஆக, குதிரைக்குத் தெரிவது நம் மனம் அல்ல, நம் உடம்பு. அது போதும். இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் 2016-இல் 28 குதிரைகளுக்கு மனித முகங்களின் படங்களைக் காட்டினார்கள். கோபமான முகத்தைப் பார்த்தபோது அவற்றின் இதயத் துடிப்பு வேகமாக ஏறியது. இடது கண்ணால் பார்க்கத் திரும்பின. சுவீடனில் 2009-இல் வெளியான இன்னொரு சோதனை இதைவிடச் சுவாரசியம். குதிரையைக் கூட்டிக்கொண்டு நடப்பவர்களிடம், “இந்தத் தடவை நீங்கள் கடக்கும்போது குடையைப் படக்கென்று விரிப்போம்” என்று சொன்னார்கள். கடைசியில் விரிக்கவே இல்லை. ஆனால் அந்தத் தடவை மனிதர்களின் இதயத் துடிப்பும் ஏறியது, குதிரைகளின் துடிப்பும் ஏறியது. குதிரைக்குக் குடையைப் பற்றி யாரும் சொல்லியிருக்கவில்லை.

குதிரை இதயத்தின் மின்காந்த அலை நம் இதயத்தைச் சரிசெய்யும் என்கிறார்களே?

குதிரையின் இதயம் சுமார் 4 கிலோ இருக்கும், பெரியதுதான். அதிலிருந்து கிளம்பும் அலை நம் மனதைக் குணப்படுத்தும் என்பதை நான் நம்பவில்லை. விளம்பரத்தில் அந்த வரி இருந்தால் மற்ற வரிகளையும் சந்தேகத்தோடு படிப்பேன்.

ஓர் அமர்வில் என்னதான் நடக்கும்?

எங்கள் லாயத்தில் ஒன்றரை மணி நேரம். ஊருக்கு ஊர் மாறும்.

முதலில் வேலிக்கு வெளியே நிற்கிறோம், பேச்சில்லை. குதிரைகள் உள்ளே தம்பாட்டுக்கு இருக்கின்றன. எது எங்கே நிற்கிறது, காது எந்தப் பக்கம், பின்னங்கால் ஒன்றை நுனியில் ஊன்றித் தளர்வாக வைத்திருக்கிறதா, வால் எப்படி ஆடுகிறது என்று பார்க்க மட்டும் வேண்டும். பத்து நிமிடம் கழித்து ஆலோசகர் கேட்பார், “என்ன பார்த்தீர்கள்?” பெரும்பாலும் பார்த்ததைச் சொல்லமாட்டார்கள், நினைத்ததைச் சொல்வார்கள். “அந்தக் கறுப்புக் குதிரை சோகமாக இருக்கிறது.” “அதற்கு அந்த வெள்ளையைப் பிடிக்கவில்லை.” ஆலோசகர் விடமாட்டார்: “சோகம் என்பது சரி, கண்ணால் பார்த்தது என்ன?” “தலையைத் தொங்கப்போட்டிருக்கிறது.” “ஆமாம், அது பார்த்தது. சோகம் எங்கிருந்து வந்தது?” அந்த இடத்தில் சிலர் அமைதியாகிவிடுவார்கள்.

பிறகு உள்ளே போவது. நேராக முகத்துக்கு எதிரே போகக்கூடாது. தோள்பக்கமாக, சாய்வாகப் போக வேண்டும். பாதி வழியில் நின்று தன் மூச்சைக் கவனிக்கச் சொல்வார்கள். மூச்சை இழுப்பதைவிட விடுவதை நீட்டினால் இதயம் கொஞ்சம் மெதுவாகும். அது உடம்பின் இயல்பு, அதில் மாயமில்லை. சும்மா நிற்கும் குதிரையின் இதயம் நிமிடத்துக்கு 28 முதல் 44 தடவைதான் துடிக்கும், மூச்சு 8 முதல் 16 தடவை. விலாவில் கை வைத்தால் அந்த மூச்சின் நிதானம் உள்ளங்கையில் ஏறும். எண்ணிக்கொண்டே நிற்பவர்களின் மூச்சும் தானாகவே தாழும்.

அடுத்து பிரஷ். பிடரி முடிந்து முதுகு தொடங்கும் இடத்தில் ஒரு மேடு இருக்கும். குதிரைகள் ஒன்றுக்கொன்று பல்லால் சொறிந்துவிடுவது அந்த இடத்தைத்தான். அங்கே சொறிந்தால் குதிரையின் இதயத் துடிப்பு குறைகிறது என்று பிரான்சில் காமார்க் இனக் குதிரைகளை வைத்து 1993-லேயே காட்டியிருக்கிறார்கள். சரியான இடத்தில் தேய்த்தால் மேலுதடு நீண்டு நெளியும். பார்க்கச் சிரிப்பு வரும். பல மாதமாகச் சிரிக்காதவர்கள் அந்த உதட்டைப் பார்த்துச் சிரித்திருக்கிறார்கள்.

கடைசியாகக் குழுப் பயிற்சி. தரையில் நாலு கம்பு போட்டு, “கயிறு இல்லாமல், தொடாமல், ஒருவரோடொருவர் பேசாமல் இந்தக் குதிரையை அந்தக் கம்புகளுக்கு நடுவே கொண்டுபோங்கள்” என்பார்கள். ஒருதடவை எங்களிடம் வந்த குழுவில் ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவர் இருந்தார் (அடையாளம் தெரியாதபடி விவரத்தை மாற்றிச் சொல்கிறேன்). கையை ஆட்டி ஆட்டி எல்லோரையும் இடம் மாற்றி நிறுத்தினார். குதிரை வேலியோரம் போய்ப் புல் மேயத் தொடங்கியது. இன்னொரு பெண் முதலிலிருந்தே ஓர் ஓரத்தில் கை கட்டி நின்றார். இருபது நிமிடம் போயிற்று. அன்றைக்கு அந்தக் குதிரை கம்புகளுக்கு நடுவே போகவே இல்லை. ஆனால் பிறகு வட்டமாக உட்கார்ந்தபோது அந்தப் பெண், “என் வீட்டிலும் நான் இப்படித்தான் நிற்கிறேன், யாராவது கூப்பிடட்டும் என்று” என்றார். அதிகாரி ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, “நீங்கள் நிற்பதை நான் பார்க்கவே இல்லை” என்றார். குதிரை போகாததுதான் அன்றைய பாடமாகிவிட்டது என்று யாராவது எழுதினால் எனக்கு எரிச்சல் வரும். குதிரைக்குப் பசி, அவ்வளவுதான். பேசியது மனிதர்கள்.

இது தியானமா? கண்ணை மூடிக்கொள்ள வேண்டுமா?

தயவுசெய்து மூடாதீர்கள். அரை டன் எடையுள்ள ஓர் உயிர் பக்கத்தில் நிற்கிறது.

மைண்ட்ஃபுல்னெஸ் என்று ஆலோசகர்கள் இங்கே சொல்வது கண் திறந்த கவனம். கால் எங்கே ஊன்றியிருக்கிறது, மூச்சு எங்கே நிற்கிறது, குதிரையின் காது இப்போது எந்தப் பக்கம் என்று நடப்பதோடு நிற்பது. தனியாக உட்கார்ந்து கண் மூடினால் பழைய நினைவுகள் பாய்ந்து வரும் சிலருக்கு, மனம் வெளியே பிடித்துக்கொள்ள ஒரு பொருள் இருப்பது எளிதாக இருக்கிறது. மனதைக் குதிரை என்றும் அதற்குக் கடிவாளம் போட வேண்டும் என்றும் நாம் பேசிப் பழகியிருக்கிறோம். இங்கே தலைகீழ், கடிவாளமே கிடையாது.

ஏன் குழுவாக? தனியாகப் போனால் கூச்சம் இருக்காதே?

தனி அமர்வுகளும் உண்டு. அதிர்ச்சியின் விவரங்களைப் பேச வேண்டியவர்களுக்குத் தனி அமர்வே சரி என்று ஆலோசகர்கள் முடிவு செய்வதுமுண்டு.

ஆனால் நான் பார்த்தவரை குழுவின் பலன் வேறு. வட்டமாக நாற்காலி போட்டு உட்கார்ந்து “உங்கள் கஷ்டத்தைச் சொல்லுங்கள்” என்றால் நம் ஆட்கள் மட்டுமல்ல, யாருமே வாய் திறக்க யோசிப்பார்கள். நடுவில் ஒரு குதிரை நின்றால் எல்லோரும் அதைப் பார்க்கிறார்கள். பேசுபவரை யாரும் உற்றுப் பார்ப்பதில்லை. ஊரில் பெண்கள் கீரை ஆய்ந்துகொண்டே பேசுவார்களே, கை வேலையில் இருக்கும்போது மனதில் உள்ளது வெளியே வருமே, அதே போலத்தான். இன்னொருவர் பயத்தோடு குதிரையிடம் போவதைப் பார்க்கும்போது தன் பயத்தை வெளியே நின்று பார்த்த மாதிரி இருக்கும். ஒருவரிடம் விலகி நின்ற குதிரை இன்னொருவரிடம் தலையைத் தாழ்த்திக்கொண்டு நிற்கும்போது சின்னப் பொறாமைகூட வரும். அதையும் பேசலாம்.

ஆய்வுகள் என்ன சொல்கின்றன? இல்லை, எல்லாம் கட்டுக்கதையா?

மண்குதிரையை நம்பி ஆற்றில் இறங்கலாமா என்று கேட்கிறீர்கள். நியாயம்தான்.

இந்தக் குழு முறைக்கு மிக நெருக்கமான ஆய்வு எங்கள் மாநிலத்திலேயே நடந்தது. கொலம்பியா பல்கலைக்கழகத்தின் மனநல ஆய்வாளர்கள் ப்ரூடன்ஸ் ஃபிஷர், யுவல் நேரியா இருவரும் நடத்தியது. பெயர் மேன் ஓ வார் திட்டம். (அதே பெயரில் 1919, 1920-இல் ஓடிய பந்தயக் குதிரை ஒன்று உண்டு. 21 பந்தயத்தில் 20-ல் வென்றது. தோற்ற ஒரே தடவை ஜெயித்த குதிரையின் பெயர் அப்செட்!) போர் அனுபவத்தாலும் பிற அதிர்ச்சிகளாலும் பி.டி.எஸ்.டி. எனப்படும், அதிர்ச்சிக்குப் பிறகும் விடாமல் தொடரும் மன உளைச்சலுக்கு ஆளான முன்னாள் படைவீரர்கள் 63 பேர். சிறு சிறு குழுக்கள், வாரம் ஒருமுறை, ஒன்றரை மணி நேரம், எட்டு வாரம். சவாரி இல்லை. மனநல நிபுணர் ஒருவரும் குதிரை அறிந்தவர் ஒருவரும் சேர்ந்து நடத்தினார்கள். முடிவு 2021-இல் வெளியானது. பி.டி.எஸ்.டி. அறிகுறிகளும் மனச்சோர்வும் குறைந்தன. மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோதும் அந்தக் குறைவு நீடித்தது. பாதியில் விட்டுப்போனவர்கள் மிகச் சிலரே. இது சின்ன விஷயமில்லை. அதிர்ச்சியை நேரடியாகப் பேசவைக்கும் சிகிச்சைகளில் பாதியில் நின்றுவிடுவதுதான் பெரிய தலைவலி.

ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு குழு அந்த ஆய்வில் இல்லை. எட்டு வாரம் ஒரே மாதிரி அனுபவம் உள்ளவர்களோடு வெளிக்காற்றில் கூடியதே பலன் தந்திருக்கலாம் அல்லவா? குதிரைக்குப் பதில் தோட்ட வேலை செய்திருந்தால்? அந்த ஆய்வு இதற்குப் பதில் தராது.

ஒப்பீட்டோடு செய்யப்பட்டதற்கு நல்ல உதாரணம், ஆட்டிசம் உள்ள குழந்தைகளை வைத்துக் கொலராடோவில் நடந்த ஆய்வு. 2015-இல் வெளியானது. 6 முதல் 16 வயது வரை 127 பேர், பத்து வாரம். குலுக்கல் முறையில் பிரித்து ஒரு பாதிக்குக் குதிரைச் சவாரி. மறு பாதி அதே லாயத்துக்கு வந்து, உயிருள்ள குதிரையைத் தொடாமல் குதிரையைப் பற்றிக் கற்றுக்கொண்டார்கள். சவாரி செய்தவர்களிடம் எரிச்சலும் துறுதுறுப்பும் அதிகமாகக் குறைந்தன. இது சவாரி, நான் பேசுவது தரையில் நிற்பது; இரண்டையும் போட்டுக் குழப்பக் கூடாது.

மறுபக்கமும் சொல்லிவிடுகிறேன். 2014-இல் மைக்கேல் அனெஸ்டிஸ் என்ற உளவியலாளரும் சகாக்களும் மனநோய்களுக்கான குதிரைச் சிகிச்சை பற்றி அதுவரை வந்த 14 ஆய்வுகளை அலசினார்கள். பெரும்பாலானவை பலவீனமாக வடிவமைக்கப்பட்டவை, இந்த ஆதாரத்தை வைத்துக்கொண்டு இதை மனநோய்க்கான சிகிச்சை என்று விற்பது சரியல்ல என்று கறாராகவே எழுதினார்கள். எனக்கு அந்தக் கட்டுரை பிடிக்கும். என் நிலைப்பாடு இதுதான்: துணைச் சிகிச்சையாக நல்லது, பலருக்கு இதமானது, தனி மருந்து என்று இன்னும் நிரூபணமாகவில்லை.

அப்போது மாத்திரையை நிறுத்தலாமா?

கூடாது. மருத்துவரைக் கேட்காமல் ஒரு மாத்திரைகூட நிறுத்தக்கூடாது. நிறுத்தச் சொல்லும் லாயம் எதுவானாலும் அடுத்த நாள் அங்கே போகாதீர்கள். தற்கொலை எண்ணம் இருந்தால் குதிரைக்காகக் காத்திருக்க வேண்டாம், அன்றைக்கே மருத்துவமனை.

இந்த யோசனை எப்போது தொடங்கியது?

குதிரைக்கும் உடல்நலத்துக்கும் உள்ள தொடர்பைப் பழங்கால கிரேக்கர் வரை இழுத்துச் செல்வார்கள். நான் லிஸ் ஹார்டெலிலிருந்து தொடங்குவேன். டென்மார்க்கைச் சேர்ந்த சவாரி வீராங்கனை. 1944-இல், கர்ப்பமாக இருந்தபோது, போலியோ தாக்கியது. குழந்தை நலமாகப் பிறந்தது. அவருக்கு முழங்காலுக்குக் கீழே செயலிழந்தது. மறுபடி குதிரையேறினார். 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் டிரெசாஜ் போட்டியில் (குதிரையை நுட்பமான அசைவுகளோடு நடத்திக் காட்டுவது), அதில் பெண்களை அனுமதித்த முதல் ஆண்டிலேயே, ஆண்களோடு மோதி வெள்ளி வாங்கினார். குதிரையின் பெயர் ஜூபிலி. ஏறவும் இறங்கவும் அவருக்கு ஆள் துணை வேண்டும். மேடையேறத் தங்கம் வென்ற சுவீடன்காரர் கைகொடுத்தார். 1956-இல் மறுபடி வெள்ளி.

அதைப் பார்த்துத்தான் ஐரோப்பாவில் பலருக்கும் குதிரையை மறுவாழ்வுக்குப் பயன்படுத்தும் ஆர்வம் வந்தது. 1969-இல் பிரிட்டனில் மாற்றுத்திறனாளிகளுக்கான சவாரிச் சங்கமும், அமெரிக்காவில் இன்று பாத் இன்டர்நேஷனல் என்று பெயர் மாறியிருக்கும் அமைப்பும் தொடங்கின. ஏறாமல் தரையில் நின்றே மனநல வேலை செய்யும் முறை பரவலானது அதற்கு ரொம்பப் பின்னால். அதற்கென ஈகாலா என்ற அமைப்பு 1999-இல் உருவானது.

ஹிப்போதெரபி என்பதும் இதுவும் ஒன்றா?

வேறு. ஹிப்போதெரபியில் பிசியோதெரபிஸ்ட் போன்றவர்கள் நோயாளியைக் குதிரைமேல் உட்காரவைத்து, குதிரையின் நடை அசைவை உடற்பயிற்சியாகப் பயன்படுத்துவார்கள். குதிரை நடக்கும்போது மேலே உட்கார்ந்திருப்பவரின் இடுப்பு நாம் நடக்கும்போது அசைவதைப் போலவே அசையும். பெருமூளை வாதம் உள்ள குழந்தைகளுக்கு அதிகம் செய்வது அது.

எனக்குக் குதிரையென்றால் பயம். வரலாமா?

வாருங்கள். பயந்தவர்கள்தான் பெரும்பாலும் நன்றாகப் பார்க்கிறார்கள். வேலிக்கு வெளியே நின்றே எட்டு வாரத்தையும் முடித்த ஒருவர் உண்டு. யாரும் அவரை உள்ளே தள்ளவில்லை. ஆறாவது வாரமோ என்னவோ, லாயத்திலேயே வயதான குதிரை (நான் மனதுக்குள் ‘தாத்தா’ என்று கூப்பிடுவேன்) வேலிப்பக்கம் வந்து அவர் சட்டைப் பையை முகர்ந்தது. அவர் நகரவில்லை. அவ்வளவே.

குதிரைமயிர், உலர்புல் தூசி ஒத்துக்கொள்ளாதவர்களும் ஆஸ்துமா உள்ளவர்களும் முதலில் மருத்துவரிடம் கேட்டுவிட்டு வாருங்கள். விலங்குகளைத் துன்புறுத்திய பழக்கம் உள்ளவர்களையும், கோபம் கைக்கு வந்துவிடும் நிலையில் உள்ளவர்களையும் சேர்ப்பதில்லை.

அடிபடுமா?

படலாம். குதிரை குப்புறத் தள்ளியதோடு நில்லாமல் குழியும் பறித்தது என்று பழமொழியே இருக்கிறதே. எனக்கு ஒருமுறை காலை மிதித்து நகம் பெயர்ந்தது. தப்பு என்னுடையது, செருப்போடு போனேன். பின்னால் நிற்காதீர்கள், கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளாதீர்கள், காதைப் பின்னுக்கு மடித்து ஒட்டவைத்தால் விலகுங்கள், குதிரைக்கும் சுவருக்கும் நடுவே மாட்டிக்கொள்ளாதீர்கள். ஏறாததால் கீழே விழும் ஆபத்து இல்லை என்பது பெரிய நிம்மதி.

என்ன உடுத்திக்கொண்டு வர வேண்டும்?

மூடிய காலணி, பேன்ட். காற்றில் படபடக்கும் துப்பட்டாவும் முந்தானையும் வேண்டாம். போன் காரிலேயே இருக்கட்டும். பையில் வெல்லம், கேரட் எதுவும் கொண்டுவராதீர்கள். தின்ன ஏதாவது இருக்கிறது என்று தெரிந்துவிட்டால் குதிரைக்கு உங்கள்மேல் இருக்கும் அக்கறை முழுவதும் பைமேல் போய்விடும்.

இதில் குதிரைக்கு என்ன லாபம்?

இந்தக் கேள்வியைக் கேட்பவர் குறைவு. எனக்கு முக்கியமான கேள்வி இதுதான்.

நம் துயரத்தைத் தாங்குவதற்காக அது பிறக்கவில்லை. நான் முன்பு போய்க்கொண்டிருந்த இன்னோர் இடத்தில் ஒரே குதிரையை ஒரே நாளில் மூன்று குழுக்களுக்கு நிறுத்தினார்கள். மூன்றாவது குழு வரும்போது அது சுவரைப் பார்த்து நின்றது. கொட்டாவி விட்டுக்கொண்டே இருந்தது. பிரஷ்ஷைப் பார்த்தால் தோல் சிலிர்த்தது. “எவ்வளவு சாந்தமா இருக்கு பாருங்க” என்று வந்தவர்கள் சொன்னார்கள். அது சாந்தமில்லை, எதற்கும் பதில் சொல்வதையே விட்டுவிட்டிருந்தது. நான் அங்கே போவதை நிறுத்திவிட்டேன்.

குதிரைக்குக் கருத்து உண்டு, கேட்டால் சொல்லும். நார்வேயில் 23 குதிரைகளுக்குப் பலகையில் வரைந்த குறிகளைக் கற்றுக்கொடுத்தார்கள்: போர்வை போடு, போர்வையை எடு, இப்படியே இருக்கட்டும் என்று மூன்று. 2016-இல் வெளியான ஆய்வு. குளிரிலும் மழையிலும் போர்வை போடச் சொல்லும் குறியை மூக்கால் தொட்டன. வெயிலில் எடுக்கச் சொன்னன. நல்ல அமர்வில் இப்படிக் கேட்பதற்கு எளிய வழி, கயிறில்லாமல் விடுவதுதான். வேண்டாமென்றால் அது விலகிப் போகட்டும். விலகிப்போக உரிமை இருக்கும் குதிரை பக்கத்தில் வந்து நின்றால்தான் அந்த நிற்பதற்கு அர்த்தம். வேலை முடிந்து மற்றக் குதிரைகளோடு மேய இடம் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

ஓரிடத்தைத் தேர்ந்தெடுக்கும் முன் என்ன கேட்க வேண்டும்?

நடத்துபவருக்கு மனநலத் துறையில் உரிமம் இருக்கிறதா? குதிரையை மட்டும் கவனிக்க இன்னொருவர் இருப்பாரா? ஒரு குதிரை நாளுக்கு எத்தனை மணி நேரம் வேலை செய்கிறது? எனக்கு வேண்டாம் என்று தோன்றினால் ஓரமாக உட்காரலாமா? இந்த நாலுக்கும் தயங்காமல் பதில் வந்தால் போதும். கட்டணம் இடத்துக்கு இடம் மாறும். முன்னாள் படைவீரர்களுக்கு இலவசமாக நடத்தும் இடங்கள் அமெரிக்காவில் நிறைய.

தமிழ்நாட்டில் இப்படி உண்டா? மெரினாவில் குதிரை இருக்கிறதே?

சென்னையிலும் பெங்களூரிலும் சவாரிப் பள்ளிகள் இருக்கின்றன. மாற்றுத்திறனாளிக் குழந்தைகளுக்கான சவாரியும் சில இடங்களில் நடக்கிறது. நான் சொல்லும் குழு அமர்வை அங்கே தேடுபவர்கள் மேலே சொன்ன நாலு கேள்வியோடு போகலாம்.

மெரினாவிலும் ஊட்டியிலும் ஒரு சுற்றுக்குக் காசு வாங்கி ஏற்றிவிடும் குதிரைகள் வேறு கதை. அவற்றைப் பார்த்தால் ஏறாமல் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். விலா எலும்பு தெரிகிறதா, கடிவாளம் உரசிய இடத்தில் புண் இருக்கிறதா என்று. நம் ஊர்க் குதிரைகளில் நான் சின்ன வயதில் அதிக நேரம் பக்கத்தில் நின்றது அய்யனார் கோயில் மண்குதிரைகளுக்குத்தான். பரீட்சைக்கு முன்னால் அந்த நிழலில் உட்கார்ந்திருப்பேன். அதை யாரும் சிகிச்சை என்று சொல்லவில்லை.

எட்டு வாரம் போயும் ஒன்றுமே நடக்கவில்லை என்றால்?

நடக்காமலும் போகலாம். சிலருக்கு இது வெறும் லாயம், வெறும் சாணி நாற்றம். பணமும் நேரமும் வீணென்று சொல்லிவிட்டுப் போனவர்களும் உண்டு. அவர்கள் சொன்னதிலும் தப்பில்லை.

என் அத்தையும் அப்படித்தான் சொன்னார். ஊருக்குத் திரும்பும் முன் கடைசிச் சனிக்கிழமை, நான் கிளம்பும்போது தானும் செருப்பை விட்டுவிட்டு என் பழைய பூட்ஸை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றார். “அந்தக் கிழட்டுக் குதிரைக்கு இன்னைக்கு நான் தேச்சுவிடறேன்” என்றார். காரில் மணி கேட்கவில்லை.